தகரக் கொட்டகையில் ஒரு குளிர்ச்சி

அம்பத்தூரில் வேறு கம்பெனிகளின் பெயரில் கிரீம் செய்து கொடுக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. செய்கிறவர் பெயர் டப்பாவில் வராது. அதுதான் அந்தத் தொழிலின் நியாயம். கோடைக்கென்று குளிர்ச்சிக் கிரீம் கேட்டு வந்த கம்பெனி முதலாளி பரசுராமன், ஏசி அறையில் உட்கார்ந்தபடி மாதிரிகளைக் கையில் தடவிப் பார்த்து, "ஜில்லுன்னு இல்லையே" என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார். ஆர்டர் போனால் டப்பா நிரப்பும் பெண்களுக்கு வேலை கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்களில் ஒருத்தி செங்கமலம். "ஐயா, கடைசியா ஒரு மாதிரி இருக்கு. ஆனா அதை எங்க கொட்டகையிலதான் பார்க்கணும்" என்றாள்.

வெளியே கத்திரி வெயில். தகரக் கூரைக்குக் கீழே அவரை உட்காரவைத்து, இதோ அதோ என்று இழுத்தடித்தாள். பரசுராமனின் சட்டை தொப்பலாக நனைந்தது.

"என்னம்மா இது, செங்கல் சூளை மாதிரி இருக்கு?"

அப்போதுதான் அவள் கிரீமை நீட்டினாள். கழுத்தில் தடவியவர் கண்ணை மூடிக்கொண்டார். "இதைத்தானே கேட்டேன். புதுசா என்ன சேர்த்தீங்க?"

"உங்க வேர்வையைத்தான், ஐயா. காலையில நீங்க வேண்டாம்னு தள்ளின டப்பாதான் இது."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பரசுராமன் ஆர்டரை உறுதி செய்துவிட்டு, "முதல்ல இங்க ஃபேன் மாட்டுய்யா" என்று மேனேஜர்மேல் எரிந்து விழுந்தார். பெண்கள் மூன்று கோடையாகக் கேட்டும் வராத ஃபேன் மறுநாளே வந்தது.

"இனிமே அடுத்த மாதிரியை அவருக்கு எங்கே வச்சுக் காட்டுறது?" என்று மேனேஜர் கவலைப்பட்டார்.

"கவலையை விடுங்க சார். நம்ம ஜனங்க வேலை செய்யுற ஊர்ல ஃபேன் இல்லாத கொட்டகைக்கா பஞ்சம்?" என்றாள் செங்கமலம்.