போகாத பயணங்களின் நோட்டு

"முப்பத்தொரு பாடம் முடிச்சுட்டனுங்க அம்மணி. இன்னும் என்னதான் வேணும்?"

நாச்சிமுத்து கனத்த ஃபைல் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

உள்ளே முப்பத்தொரு சான்றிதழ்கள். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை. சின்ன விமானம் ஓட்டுகிறவர்களுக்கான பாதுகாப்புப் பாடங்கள் அவை. வீட்டில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரில் பார்க்கலாம். கடைசியில் பத்துக் கேள்வி. பதில் சொன்னால் சான்றிதழ் வந்துவிடும்.

ரெபேக்கா ஃபைலைத் திறக்கவில்லை.

அந்தப் பறக்கும் கிளப்புக்கு அவர்தான் ஆசிரியர். வயது முப்பத்தாறு. நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தேழு. பல்லடம் பக்கம் கோழித்தீவன மில் வைத்திருப்பவர். ஐம்பதில் ஆசை வந்து ஐம்பத்தொன்றில் லைசென்ஸ் வாங்கினார். ஓட்டுவதில் கை சுத்தம் என்று ரெபேக்காவே சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த ஆறு வருடத்தில் அவர் பக்கத்து சீட்டில் ஒரு விருந்தாளிகூட உட்கார்ந்ததில்லை.

"எம்பட சம்சாரம் மரகதத்த ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போகோணுமுங்க. அதுக்கு அனுமதி குடுங்க."

"அக்கா வர்றேன்னு சொல்லிட்டாங்களா?"

"இன்னும் இல்லீங்க. மொதல்ல நீங்க சரின்னு சொல்லுங்க. அவகிட்ட அப்புறமா பேசிக்கலாம்."

ரெபேக்கா சிரித்தார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எந்தப் பயணம் போகலை அண்ணா?"

"போனதையெல்லாம் எழுதி வெச்சிருக்கனுங்க. நூத்தி நாப்பது மணி நேரம்."

"போகாதது?"

நாச்சிமுத்து ஃபைலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

*

அது அந்தக் கிளப்பின் வழக்கம்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, சாயங்காலம் ஆறு மணிக்கு ஆன்லைனில் கூட்டம். சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள் வரும். ரெபேக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். இந்த மாதம் போக நினைத்துப் போகாமல் விட்ட பயணம் எது?

யாராவது சொல்வார்கள். பையன் பரீட்சையில் தவறிவிட்டான், மனசு ஒரு நிலையில் இல்லை, போகவில்லை. பல் டாக்டர் இர்ஃபான் ஒருமுறை சொன்னார்: டயரைத் தொட்டுப் பார்த்தேன், எனக்கு என்னவோ பிடிக்கவில்லை, போகவில்லை.

ரெபேக்கா பாராட்ட மாட்டார், திட்டவும் மாட்டார். ஒரு பச்சை நோட்டில் பெயர், தேதி, காரணம் எழுதிக்கொள்வார்.

அந்த நோட்டில் ஒரு வரியாவது இருப்பவர்தான் கிளப் விமானத்தில் இன்னொருவரை ஏற்றிக்கொண்டு போகலாம்.

நாச்சிமுத்துவுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

*

அடுத்த கூட்டத்துக்கு அவர் தயாராக வந்து உட்கார்ந்தார். சட்டைகூட இஸ்திரி போட்டது.

"நானொண்ணு சொல்லோணுமுங்க. போன செவ்வாய்க்கெழமை காலையில கெளம்பிட்டனுங்க. பாத்தா மேக்கால ஒரே மேகம். வேண்டாம்னு திரும்பிட்டேன்."

ரெபேக்கா பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து, துவைத்த துணிக் கூடையோடு மரகதம் அவருக்குப் பின்னால் போனாள்.

"செவ்வாய்க்கெழமையா? அன்னிக்கு நாம காங்கேயத்துல வளைகாப்புல இருந்தமுங்க. ரெண்டு பந்தியில சாப்பிட்டீங்க."

மைக் திறந்தே இருந்தது.

கட்டங்களில் இருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். இர்ஃபானின் கட்டம் சட்டென்று இருட்டானது. சிரிப்பதற்காகக் கேமராவை அணைத்திருந்தார்.

ரெபேக்கா பேனாவை மூடினார்.

"சாப்பாடு நல்லா இருந்துச்சா அக்கா?"

"கேசரி மட்டும் கொஞ்சம் எண்ணெய் கக்கிருச்சு அம்மணி," என்றாள் மரகதம்.

*

மறுநாள் காலையிலேயே நாச்சிமுத்து கிளப்பில் நின்றார். முகம் தொங்கியிருந்தது.

"பொய் சொன்னது தப்புத்தானுங்க. இப்ப நெசமாவே கேக்கறேன். நல்ல வெயில் நாளா ஒண்ணப் பாத்து, வேணுமின்னே போகாம இருந்தர்றேன். எழுதிக்குவீங்களா?"

"அப்படிப் பாத்தா நம்ம ஊர்ல எல்லாருமே தினமும் போகாமத்தான் இருக்காங்க அண்ணா. அத்தனை பேரையும் எழுத நோட்டு பத்துமா?"

"அப்போ எப்படித்தான் போகாம இருக்கறது?"

ரெபேக்கா ஜன்னல் பக்கம் போய், ஓடுபாதையில் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டை விரட்டச் சொல்லி வாட்ச்மேனுக்குக் கை காட்டினார்.

*

மரகதம் பயந்த சுபாவம். அதை அவளே சொல்லுவாள். கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று முறை பார்ப்பாள். கோயில் நோம்பியில் ராட்டினம் சுற்றினால் கீழே நின்றுகொண்டே அவளுக்குத் தலை சுற்றும். மலைப் பாதையில் பஸ் திரும்பும்போதெல்லாம் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானும் கூடவே திரும்புவாள். பஸ்ஸைத் திருப்புவதே அவள்தான் என்று நாச்சிமுத்து கேலி செய்வார்.

புருசன் பறக்கப் போகும் நாளெல்லாம் அவர் திரும்பி வரும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். அதை அவள் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

ஆறு வருடமாக அவர் கூப்பிட்டார். ஆறு வருடமாக அவள் மாட்டேன் என்றாள்.

அந்தத் தை மாதத்தில் ஒரு நாள், கறிவேப்பிலை உருவிக்கொண்டே சொன்னாள்:

"வர்ற வெள்ளிக்கெழமை நமக்குக் கல்யாணமாயி முப்பது வருசம். வர்றேன் போங்க. பதினஞ்சு நிமிசம். அன்னிக்குப் போகலீன்னா இனி என்னைய எப்பவும் கேக்கக்கூடாது."

நாச்சிமுத்து செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளப்புக்கு வண்டியை எடுத்தார்.

"சரின்னுட்டாளுங்க அம்மணி. மரகதம் சரின்னுட்டா. நோட்டுல எனக்கு வரி இல்லை, தெரியுமுங்க. ஆனா இந்த வெள்ளிக்கெழமைய விட்டா அவ இன்னொருக்கா வர மாட்டா."

ரெபேக்கா சுவரில் ஆணியில் தொங்கிய விமானச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

நாச்சிமுத்துவுக்கு நம்ப முடியவில்லை.

"வரி இல்லாம எப்படிங்க?"

"சாவி கையில இல்லாதவர் எப்படிண்ணா போகாம இருப்பார்?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ரெபேக்காவுக்கு மனசு மாறிவிடப் போகிறதே என்று சாவியோடு கையை இறுக்க மூடிக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை விடியும்போது அவருக்கு மூக்கு ஒழுகியது.

தும்மலை வாய்க்குள்ளேயே அடக்கினார். ஒரு தும்மல் மரகதத்தின் காதில் விழுந்தால் போதும், போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். அதோடு முடிந்தது.

பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சளி மாத்திரையை விழுங்கினார். அரை மணியில் மூக்கு வறண்டது. கண்ணாடியில் பார்த்தார். மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தார்.

வானம் கழுவி வைத்தது போல இருந்தது. காற்று இல்லை. தாராபுரத்திலிருந்து மரகதத்தின் அண்ணன் பழனியப்பன் குடும்பத்தோடு வந்து வேலி ஓரம் நின்றார். வீடியோ எடுக்கப் போனை இப்போதே தூக்கிப் பிடித்திருந்தார்.

மரகதம் பருத்திப் புடவை கட்டி, முந்தானையை இடுப்பில் செருகி, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். குமட்டினால் மோந்து பார்க்க.

நாச்சிமுத்து விமானத்தைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு திருகையும் தொட்டார். இறக்கைக்கு அடியில் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். மரகதம் கூடவே சுற்றினாள்.

"அதுல தண்ணி இல்லையே?"

"இல்லை."

"காத்து?"

"அளவா இருக்குது."

ஏறி உட்கார்ந்தார்கள். அவர் கதவைச் சாத்தினார். அவள் திறந்து, தன் கையால் ஒருமுறை சாத்தினாள்.

"எல்லாத்தையும் பாத்துட்டீங்களா?"

"பாத்தாச்சு."

"அப்போ சரி. எனக்கென்ன தெரியும். நீங்க பாத்துக்குவீங்க."

கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. கிளம்பும் முன் சரிபார்க்க வேண்டியவை எழுதிய அட்டையை எடுத்து, விரலை வைத்து வாசித்தார். முதல் வரி. இரண்டாவது. மூன்றாவது.

மூன்றாவது.

மூன்றாவது வரியையே மூன்று முறை வாசித்திருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தூக்கம் இல்லை. தலை சுற்றவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உட்கார்ந்த மாதிரி ஒரு சுகம். அவ்வளவுதான்.

மாத்திரையைப் பற்றி ஒரு பாடம் வந்தது. பதினாலாவது பாடம். அதற்கும் சான்றிதழ் இருக்கிறது. பாடம் ஓடிக்கொண்டிருக்க, அவர் தீவன லாரிக்காரனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கேள்விகளுக்கு நாலு பதிலில் எது நீளமோ அதைத் தொட்டார். நீளமானதுதான் எப்போதும் சரியாக இருக்கும். பாடத்தில் என்ன சொன்னார்கள் என்று நினைவில்லை. ஒரு மாத்திரை அட்டை, அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அது மட்டும் கண்ணில் நின்றது.

பக்கத்தில் பார்த்தார். மரகதத்தின் உதடுகள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. எலுமிச்சம்பழத்தைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

வேலி ஓரம் பழனியப்பன் கையாட்டினார்.

நாச்சிமுத்து சாவியைத் திருப்பி அணைத்தார். முன்னால் சுழன்ற விசிறி ஒரு குலுக்கலோடு நின்றது.

மரகதம் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"வந்துட்டமா?"

"இல்லை. எறங்கு மரகதம்."

"வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லா இருக்குது."

"மேகமா?"

"மேகமே இல்லை."

"பின்னே?"

"நாந்தான்."

மாத்திரையைச் சொன்னார். பாத்ரூம் கதவைச் சாத்தியதையும் சொன்னார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பெல்ட்டைக் கழற்றப் பார்த்தாள், வரவில்லை. அவர் கழற்றிவிட்டார். இறங்கி, எலுமிச்சம்பழத்தோடு காரில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன மாப்ள, பொண்ணப் பாத்ததும் கை நடுங்கிருச்சா?" என்றார் பழனியப்பன்.

"சளி மாத்திரை போட்டிருக்கேன் மச்சான்."

"சளி மாத்திரையா? அதப் போட்டுட்டு நான் ஊட்டிக்கே காரோட்டுவேன். ஒண்ணும் ஆகாது. தாராபுரத்துல இருந்து அம்பது கிலோமீட்டர் வந்திருக்கறமுங்க."

நாச்சிமுத்து தலை குனிந்தபடி நடந்து போய்ச் சாவியை நீட்டினார். ரெபேக்கா வாங்கி ஆணியில் மாட்டினார். மச்சானிடம் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது.

"கார உங்க மச்சான ஓட்டச் சொல்லுங்க," என்றார். அவ்வளவுதான்.

*

வெள்ளி போயிற்று. சனி போயிற்று.

மரகதம் மூன்று வேளையும் சுக்குக் கஷாயம் போட்டு அவர் முன்னால் டம்ளரை ணங்கென்று வைத்தாள். குடிக்கும்வரை நின்றாள். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

இனி எப்பவும் கேட்கக்கூடாது என்று சொல்லியிருந்தாள். அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குக் கட்டங்களில் முகங்கள் வந்தன. ரெபேக்கா கேள்வியைக் கேட்டார்.

நாச்சிமுத்து மைக்கைத் திறந்தார். வெள்ளிக்கிழமை, மாத்திரை, மூன்றாவது வரி, மரகதத்திடம் சொன்ன பதில், மச்சான், எல்லாம் சொன்னார். இந்தத் தடவை யார் கட்டமும் இருட்டாகவில்லை.

"எம்பட மச்சான் ஒண்ணும் ஆகியிருக்காதுங்கறாரு. ரெண்டு நாளா அதேதான் எனக்கும் ஓடிட்டிருக்குதுங்க. முப்பதாவது வருசம் அம்மணி. அவ ஏறி உக்காந்துட்டா. போயிருந்தா ஏதாச்சும் ஆகியிருக்குமுங்களா?"

"தெரியாதுண்ணா."

"எப்பத்தான் தெரியும்?"

"தெரியாது."

ரெபேக்கா பச்சை நோட்டைத் திறந்தார். பேர் எழுதினார். தேதி எழுதினார். காரணத்துக்கு நேராக ஒரே ஒரு சொல் எழுதிவிட்டு நோட்டைக் கேமராவுக்குக் காட்டினார்.

'நாந்தான்.'

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மைக்கை மூட மறந்துபோனார்.

பின்னால் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

"அம்மணி, இவருக்குச் சளி நாளன்னிக்கு நின்னுரும்," என்றாள் மரகதம். "எலுமிச்சம்பழம் ஃபிரிட்ஜுல அப்படியேதான் இருக்குது. வர்ற வெள்ளிக்கெழமை வண்டிய வேற யாராச்சும் கேட்டிருக்காங்களா?"