அடுப்பின்மேல் விரித்த துண்டு

ஞாயிறு காலை பத்தே கால் மணிக்கு ஆவுடைநாயகம் தீயணைப்புக் கருவிக்கான நான்கு விதிகளையும் ஒப்பித்து முடித்தார்.

“பின்னை இழுக்கணும். முனையைத் தீயோட அடியில காட்டணும். பிடியை அமுக்கணும். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வீசணும். தேறிட்டேனா மேடம்?”

பாளையங்கோட்டையில் தரைத்தள வீடு. நாயகம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது அறுபத்திரண்டு. மனைவி மீனாம்பிகைக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். சமையல் இவர் கைக்கு வந்தது. புரட்டாசித் தொடக்கத்தில் ஒருநாள் அடுப்படித் துணியில் தீ பற்றியது. நடக்க முடியாதவரின் அலறல் தெருமுனை வரை கேட்டது. அன்று மாலையே நாயகம் தீயணைப்புக் கருவி ஒன்றை வாங்கினார்.

சொல்லித்தர வந்தவர் அஸ்மத் நிஷா. தீயணைப்பு வீரர். வயது முப்பத்து நான்கு.

“கருவி எங்க சார்?”

அடுப்புக்குப் பின்சுவரில் மாட்டியிருந்தது. கடைக்காரர் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அழுத்தம் காட்டும் முள்ளுக்கு நேர் மேலே, உறைமீது, சந்தனமும் குங்குமமும்.

“ஆயுத பூஜைக்கு வச்சது,” என்றார் மீனாம்பிகை, படுக்கையறையிலிருந்து. “சுண்டலும் படைச்சாரு. அதுதான் திங்கல.”

நிஷா ஒரு சிவப்புத் துண்டை அடுப்பின்மேல் விரித்தார்.

“இது தீ. கருவியை எடுங்க.”

நாயகம் துண்டுக்கு மேலாகக் கையை நீட்டினார்.

“கை வெந்துட்டு சார்.”

நிஷா துண்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

அடுத்த ஞாயிறு கருவி சமையலறை வாசலருகே இருந்தது. உறை இல்லை. முள் பச்சையில் நின்றது.

துண்டு விரிக்கப்பட்டது. நாயகம் கருவியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார். அடுப்பைத் தாண்டி, ஜன்னலோரம் நின்று, வசதியாகக் குறி பார்த்தார்.

நிஷா கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டார்.

“மேடம், என்ன இது? திறங்க!”

“நான் தீ சார். உங்களுக்கும் வாசலுக்கும் நடுவுல நிக்கேன்.”

மீனாம்பிகை சிரித்தார்.

“முப்பது வருஷமா பிள்ளைகளை வெளிய நிக்க வச்சீங்க. கொஞ்ச நேரம் உள்ள நில்லுங்க.”

மூன்றாவது ஞாயிறு நாயகம் சமையலறை வாசலிலேயே நின்றார். முதுகுக்குப் பின்னால் கூடம். அடுப்புக்கும் அவருக்கும் இடையே ஆறடி. பின்னை இழுக்காமல், இழுத்ததுபோல் பாவனை செய்தார். முனை துண்டின் அடியில் இடமும் வலமும் போய் வந்தது.

“சரியா மேடம்?”

“சரி. அணையல.”

“இன்னும் அடிக்கேன்.”

“பத்து செகண்டு ஆயிட்டு. கருவி காலி.”

“அப்போ?”

நிஷா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அணையலன்னா என்ன பண்ணணும் மேடம்? அதுக்கு அஞ்சாவது விதி உண்டா?”

நிஷா படுக்கையறைப் பக்கம் பார்த்தார்.

“ஏங்க,” என்றார் மீனாம்பிகை உள்ளேயிருந்து. “தீ அணையலன்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்கீங்க. நான் இன்னும் இங்கதான் இருக்கேன்.”

படுக்கையறையிலிருந்து தெருவாசலுக்குப் போக ஒரே வழி. அது சமையலறையைத் தாண்டித்தான் போனது.

நாயகம் கருவியைக் கீழே வைத்தார்.

நிஷா எழுந்து துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“அடுத்த ஞாயிறு வருவீங்களா மேடம்?”

“வேண்டாம் சார். அஞ்சாவது விதியை அம்மாவே சொல்லிட்டாங்க.”

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை, காலை 7.40-க்கு அந்த வீட்டில் மிக்ஸி வயரில் பொறி தெறித்து ஜன்னல் திரை பற்றியது. 7.58-க்குத் தீயணைப்பு வண்டி வந்தது. காலியான கருவி முற்றத்தில் கிடந்தது. தெருவோரம் சக்கர நாற்காலியில் மீனாம்பிகை இருந்தார். மூடிய கதவுக்குப் பின்னால் சமையலறை முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று நிலைய அலுவலர் கேட்டார்.

நாயகம், “யாரும் இல்லை” என்றார்.