முரசு ஓயாத ஊர்

அநீதி நடந்தது செங்கமலத்துக்கு. மார்பில் வந்த கட்டி அக்குளுக்கும் முதுகெலும்புக்கும் பரவி, படுக்கையில் கிடந்தவள் அவள். பார்க்கப் போன திருமேனி வைத்தியர் நாடி பிடித்தார். பிறகு வீட்டார் எல்லோரும் கேட்கச் சொன்னார்: "ஓயாமல் கவலைப்பட்டாய். உடம்பின் காவல் தளர்ந்துவிட்டது. நோயைப் பரப்பியது நீதான். இனியாவது அமைதியாக இரு."

அவ்வளவுதான். தானே தேடிக்கொண்ட நோய்க்கு மருந்து எதற்கு என்று அவள் கணவன் காளத்தி மருந்தை நிறுத்திவிட்டான். செங்கமலம் மலைப்பள்ளிக்கு ஒரே ஒரு கேள்வியைச் சொல்லி அனுப்பினாள். நானா பரப்பினேன்?

மலைப்பள்ளியின் குரு மாதேவி அடிகள். தன் சீடர் திருமேனியைவிட மிக இளையவர். நரைத்த தலையோடு எதிரில் உட்காரும் அவரை, கொஞ்சம் கேலியாக, வைத்தியரே என்றுதான் கூப்பிடுவார்.

செங்கமலத்தின் கேள்வி வந்ததும் அடிகள் திருமேனியை அழைத்து விசாரித்தார். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நீண்ட கவலை உடம்பின் காவலைத் தின்னும் என்று சாத்திரமே சொல்கிறது, தான் சொன்னதில் எது பொய் என்று வாதிட்டார்.

"காவல் தளர்ந்தது மெய்தான்" என்றார் அடிகள். பக்கத்திலிருந்த செப்புப் பானையை விரலால் தட்டத் தொடங்கினார். தட்டிக்கொண்டே சொன்னார்.

ஒரு கோட்டை ஊர். முரசு அடித்தால் காவலர்கள் வேலோடு ஓடிவருவார்கள். ஒருநாள் அடித்த முரசு நிற்கவேயில்லை. ஓடினார்கள், எதிரி இல்லை. மறுபடி ஓடினார்கள். ஓட வசதியாக இருக்கட்டும் என்று தெருமுனைக் கதவுகளையெல்லாம் திறந்தே போட்டார்கள். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. போகப் போக முரசொலி அவர்கள் காதிலேயே விழவில்லை. கண்களைத் திறந்தபடி நின்றுகொண்டே தூங்கினார்கள்.

அப்போதுதான் ஒரு வீட்டில் ஒருவன் மாறிப்போனான். வெளியாள் இல்லை, அந்த ஊர்ப்பிள்ளைதான். அதே முகம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்பமாட்டான். தின்றான், தின்றுகொண்டே இருந்தான். பிறகு அதே முகத்தோடு இன்னொருவன். பிறகு ஒரு கூட்டம். திறந்த கதவுகள் வழியே தெருத்தெருவாக நடந்தார்கள். ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகளில் அவர்கள் குடியேற, கூரைமேல் பட்டப்பகலில் அடுப்புப் புகை எழுந்தது. காவலர்கள் அதைப் பார்த்தார்கள். எதிரே வந்தவர்களுக்கு வழிவிட்டார்கள்.

அடிகள் நிறுத்தினார், கதையையும் விரலையும்.

அந்த மௌனம் வந்து விழுந்த பிறகே, இவ்வளவு நேரம் பானை ஒலித்துக்கொண்டிருந்தது திருமேனிக்கு உறைத்தது. கழுத்தோரம் ஏதோ ஊர்ந்தது. பூரான்.

அடிகள் அதை ஒரு ஓலையால் தள்ளிவிட்டார். "உம் மடியிலிருந்து ஏறியது. நான் பார்த்தேன். நீரும் ஒருமுறை குனிந்து அதைப் பார்த்தீர்."

திருமேனியின் குரல் இறங்கியது. அப்படியானால் அந்தக் காவலர்களை அமைதியாக இருக்கச் சொல்ல வேண்டாமா என்று கேட்டார்.

"அந்த ஊர் வைத்தியரும் சொல்லிப் பார்த்தார். முரசுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை."

"முரசு அடித்தது யார்?"

மணமான நாளிலிருந்து, விடிந்தால் போதும், இன்றைக்கு உன்னைத் தெருவில் நிறுத்துகிறேன் பார் என்று காளத்தி மனைவியிடம் கத்துவது வைத்தியருக்குத் தெரியுமா என்று அடிகள் கேட்டார்.

கேள்விப்பட்டதுண்டு என்றார் திருமேனி. அது குடும்ப விஷயம் என்று கேட்காமல் விட்டாராம்.

அடிகள் பானையை மறுபடி ஒரே ஒருமுறை தட்டினார். திருமேனி கேட்டார். "செங்கமலத்துக்கு என்ன பதில் சொல்ல?"

"இல்லை என்று சொல்லும். மருந்தை உம் கையாலேயே கொடும். அமைதியாக இரு என்றீரே, அதைக் காளத்தியிடம் சொல்லும். உட்காரச் சொல்வான், மோர் கொடுப்பான். குடித்துவிட்டால் மறுபடி அது குடும்ப விஷயம் ஆகிவிடும்; குடிப்பதற்கு முன்னால் சொல்லிவிடும்."