பொலிஞ்சில் கொண்டுவந்த புலவர்கள்

முன்னொரு காலத்தில், ஆறு ஒன்றும் அரசர் ஒருவரும் தத்தம் போக்கில் போய்க்கொண்டிருந்த ஒரு நாட்டில், பரிதிவேள் என்னும் மன்னர் ஆண்டுவந்தார். ஆற்றின் போக்கைத் திருப்ப ஓர் அணை இருந்தது. அரசரின் போக்கைத் திருப்ப அவையில் விகடம் பேசும் நக்கண்ணன் ஒருவன்தான் இருந்தான்.

மன்னருக்கு யாழிலும் குழலிலும் நாட்டமில்லை. அவர் செவிக்கு இனித்த ஒலி ஒன்றே ஒன்று. தலைநகரில் அவர் நிறுவிய பெருங்கல்லூரியில் நாற்பத்தொன்பது பேர் பயின்றார்கள். பாடம் முடிந்ததும் பேராசான் வாகீசனார், "புரிந்ததா?" என்று வினவுவார். நாற்பத்தொன்பது பேரும் எழுந்து, கைகட்டி, ஒரே குரலில், "புரிந்தது ஐயா!" என்பார்கள். பௌர்ணமிதோறும் மன்னர் பல்லக்கில் வந்து அந்த ஒலியைக் கேட்பார், "என்ன ஒழுக்கம்! என்ன தெளிவு!" என்று நெக்குருகித் திரும்புவார்.

ஒழுக்கம் இருந்தது உண்மை. தெளிவு இருந்ததா என்று ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. அந்நாட்டில் 'புரிந்தது' என்பது விடையன்று. ஒரு வகை வணக்கம். 'புரியவில்லை' என்றால், 'உமக்குச் சொல்லத் தெரியவில்லை' என்று ஆசிரியரின் முகத்துக்கு நேரே சொல்வதாகும் என்று பெற்றவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆகவே பாடம் தலைக்குள் நுழையாவிட்டாலும் தலை மட்டும் தவறாமல் ஆடியது.

ஒரு பௌர்ணமியன்று வாகீசனார், கடல்நீர் ஏறியிறங்கும் ஓதம் பற்றிப் பாடம் சொன்னார். "நிலவு கடலை ஈர்க்கிறது. ஆதலால் நிலவு நிறைந்த நாளில் ஓதம் உயர்கிறது. புரிந்ததா?"

"புரிந்தது ஐயா!"

எல்லோரும் அமர்ந்தார்கள். ஒருத்தி மட்டும் அமரவில்லை. சங்குமுனைக் கடற்கரையிலிருந்து ஐம்பதாவது ஆளாக அம்மாதம்தான் வந்து சேர்ந்தவள், தோணி கட்டும் தச்சரின் மகள், பெயர் பவளாயி.

"ஐயா, எனக்குப் புரியல. நெலாவே இல்லாத அமாவாசையிலயும் எங்க ஊர்ல ஓதம் அதே மட்டுக்கு ஏறுதே. அன்னைக்கு கடல யாரு இழுக்குறா?"

மன்னருக்குக் கவரி வீசியவனின் கை அந்தரத்தில் நின்றது. வாகீசனாரின் முகம் சிவந்தது. வெறும் சினத்தில் அவ்வளவு சிவக்காது. விடை தெரியாதபோதுதான் அவ்வளவு சிவக்கும்.

மறுநாள் அரசவை கூடியது. "அரசே, குருவைப் பலர் முன்னிலையில் நிந்தித்தவளைக் கல்லூரியில் வைத்திருத்தல் தகாது. இவளை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும்" என்றார் வாகீசனார்.

மன்னர் வருத்தத்தோடு பவளாயியைப் பார்த்தார். "நிந்தித்தாயா, அம்மா?"

"இல்ல மகாராசா. எங்கப்பா கிட்ட அளவு புரியலன்னா அங்கனயே கேட்டுப்புடணும். புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டுப் பலகைய வெட்டுனா, 'என் சொல்லை நீ மதிக்கல'ன்னு வெரட்டிப்புடுவாரு. கேக்குறதுதான் எங்களுக்கு மரியாதை. வெளிக்கடலைத் தாங்குற கலம் கட்டக் கத்துக்கிட்டு வான்னு ஊரே சேந்து என்னைய அனுப்பியிருக்கு. வெறுங்கையோட எப்படிப் போவேன்?"

அரசரின் அருகில் அமர்ந்திருந்த நக்கண்ணன் தொண்டையைச் செருமினான். "அரசே, ஐம்பது பேரில் பாடத்தைக் கவனித்தவர் ஒருவர் என்று தெரிகிறது."

"மற்றவர்கள்?"

"அவர்கள் ஆசிரியரைக் கவனித்தார்கள்."

வாகீசனார் இந்த வாய்ப்புக்காகவே காத்திருந்தவர்போல் முன்னே வந்தார். அரசரின் காதருகே விகடம் பேசுகிறவனுக்கு இருக்கை, நூல் கற்ற தமக்கு ஐந்தாம் வரிசையா என்பது அவருடைய நெடுநாளைய புகைச்சல். "மற்ற நாற்பத்தொன்பது பேருக்கும் புரியவில்லை என்கிறான். மெய்ப்பிக்கட்டும், அரசே! ஆனால் மாணவர் எவரும் தம் வாயால் 'புரியவில்லை' என்று சொல்லலாகாது. சொன்னால் அதுவும் குருநிந்தையே."

முடிச்சு மன்னருக்குப் பிடித்துப்போயிற்று. "நல்ல நிபந்தனை! நக்கண்ணா, மூன்று நாள் தவணை. ஒருவர் வாயும் திறக்காமல், அவர்களுக்குப் புரியவில்லை என்று காட்டு. தவறினால் நீயும் பவளாயியும் தெற்கு வாயில் வழியாக நாட்டைவிட்டு வெளியேறுங்கள்."

அவையோர் மீசைக்குள் நகைத்தனர். "தெற்கு வாயிலுக்கு வழி தெரியுமா, நக்கண்ணரே?" என்றார் ஒருவர்.

"தெரியாது. ஆனால் தெரியாததைக் கேட்டால் உங்களுக்குப் பிடிக்காதே!"

அவை கலைந்ததும் நக்கண்ணன் வெளியே புறப்பட்டான். நடையில் பவளாயி ஓடிவந்தாள். "அண்ணே, என்னால உங்களுக்கும் கேடு வந்துடுச்சே."

"விடு தங்கச்சி. மூடிய வாயைத்தான் பேசவைக்கக் கூடாது என்றார்கள். கைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே!"

இரண்டாம் நாள் நக்கண்ணன் கல்லூரியில் ஆசிரியர் இருக்கையில் அமர்ந்தான். மாணவர் ஐம்பதின்மர், வாகீசனார், பின்வரிசையில் மன்னர். நக்கண்ணன் அனைவரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"பாடம் சிறியது. இங்குள்ளோர் அனைவரும் நாளைக் காலை ஆளுக்கொரு பொலிஞ்சில் கொண்டுவருக. பழுத்தது ஆகாது, பழையதும் ஆகாது. வாயைக் கட்டிக் கொண்டுவருக. புரிந்ததா?"

"புரிந்தது ஐயா!"

"பேராசானே, தங்களுக்கு?"

"எனக்கா? நீ சொல்வதற்கு முன்பே புரிந்துவிட்டது."

"அரசே?"

மன்னர் மீசையைத் தடவி, "ம்" என்றார்.

பவளாயி மட்டும் எழுந்தாள். "ஐயா, பொலிஞ்சில்னா என்னது?"

"அமர்க, அம்மா. நாளைக்குச் சொல்கிறேன்."

அன்று பிற்பகல் கடைத்தெரு அல்லோலகல்லோலப்பட்டது. "பொலிஞ்சில் இருக்கா?" என்று கேட்டவர்களிடம் எந்த வணிகனும் 'அது என்ன?' என்று கேட்கவில்லை. "இப்பதான் தீர்ந்துச்சு, நல்ல சரக்கு!" என்றான் ஒருவன். "எங்க கடையில நாட்டுப் பொலிஞ்சில்தான்" என்று எதையோ மடித்துக் கொடுத்தான் மற்றொருவன்.

மறுநாள் காலையில் கல்லூரிக் கூடம் நிறைந்தது. பெயர் இஞ்சியைப்போல் ஒலித்ததால் பன்னிருவர் இஞ்சி கொண்டுவந்தனர். சிலர் வாய் கட்டிய புதுப்பானைகளைச் சுமந்துவந்தனர். ஒருவன் பலாப்பிஞ்சைச் சாக்கில் கட்டியிருந்தான். ஒருத்தி, வாயில் கயிறு சுற்றிய வெள்ளாட்டுக் குட்டியை இழுத்துவந்தாள். பழுக்காதது, பழையதும் அன்று. புணர்ச்சி இலக்கணத்தில் கெட்டிக்காரன் ஒருவன் 'கட்டிக் கொண்டுவருக' என்பதைக் 'கட்டிக்கொண்டு வருக' என்று பிரித்துப் பொருள் கொண்டு, தன் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வந்து நின்றான். இடைவெளி பிழைத்தால் மனிதன் ஊமையாவான் என்பதற்கு அவனே சான்று.

வாகீசனார் நூலால் வாய் கட்டிய ஓலைச்சுருள் ஒன்றைப் பிரித்து, கம்பீரமாகப் படித்தார்: "பொலிந்த இல் பொலிஞ்சில். பொலிவு பெற்ற மாளிகை என்பது பொருள். மாளிகையைத் தூக்கி வர இயலாதாகையால், ஆகுபெயரால் அதன் வடிவம் எழுதிய இவ்வோலையே பொலிஞ்சிலாம்."

பவளாயி மட்டும் வெறுங்கையோடு நின்றாள்.

நக்கண்ணன் கைகூப்பினான். "அரசே, ஒருவரும் வாய் திறந்து 'புரியவில்லை' என்று சொல்லவில்லை. கைகள் சொல்லிவிட்டன."

மன்னர் பானைகளையும் ஆட்டுக்குட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது கிடக்கட்டும். பொலிஞ்சில் என்றால் உண்மையில் என்ன?" என்றார்.

"இக்கூடத்தில் தெரியாததால் கேட்கப்பட்ட மூன்றாவது வினா இது, அரசே. முதல் இரண்டும் பவளாயியுடையவை. பொலிஞ்சில் என்று உலகில் ஒன்றும் இல்லை. நேற்றுக் காலை பல் துலக்கும்போது என் வாயில் வந்த ஓர் ஒலி."

மன்னரின் கை மெல்ல மேலாடைக்குள் சென்றது. பட்டுத்துணியில் சுற்றி, வாய் கட்டிய பொட்டலம் ஒன்றை வெளியே எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு தேங்காய்த் துருவி இருந்தது.

"கருவூலத் தலைவனிடம் கேட்டேன். அவனும் 'புரிந்தது, அரசே' என்று இதைக் கொடுத்தான்!"

சொல்லி முடிக்குமுன் மன்னருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முடி சரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாணவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. வாகீசனார் கையில் ஓலையோடு நின்றதால் தலைகுனிந்தே இருந்தனர். நக்கண்ணன் அதைக் கண்டான். அடுத்துச் சொல்ல வைத்திருந்த கேலியை அப்படியே விழுங்கினான்.

"அரசே, பாருங்கள். ஆசிரியர் நாணி நிற்கும்போது இவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இவர்கள் பொய்யர் அல்லர், மரியாதை தெரிந்தவர்கள். பவளாயியும் அப்படியே. இவர்கள் வாய் மூடி மதிக்கிறார்கள். அவள் வாய் திறந்து மதிக்கிறாள். பிழை மாணவரிடம் இல்லை, வினாவில் இருக்கிறது. 'புரிந்ததா' என்று 'ஆ' என்னும் ஆகாரத்தை ஈற்றில் வைத்துக் கேட்டால், தலையை ஆட்டினால் போதும். 'எது புரியவில்லை?' என்று கேளுங்கள். 'எது' என்பதற்குத் தலையாட்ட முடியாது. ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆசிரியர் கேட்டு, பணிவுள்ள மாணவன் சொல்லாதிருப்பானா?"

வாகீசனார் ஓலையைச் சுருட்டினார். அவருக்கே பழக்கமில்லாத மெல்லிய குரலில் வினவினார்: "எது... புரியவில்லை?"

வாய் கட்டியிருந்தவன் துணியை அவிழ்த்தான். "ஐயா, அமாவாசையில் கடலை யார் இழுக்கிறார்கள்?"

"எனக்கும் அதுதான் ஐயா" என்றாள் ஆட்டுக்குட்டிக்காரி. "எனக்கும்", "எனக்கும்" என்று கூடமெங்கும் எழுந்தது.

வாகீசனார் பவளாயியைப் பார்த்தார். "எனக்கும் அதுவே புரியவில்லை, அம்மா."

"அப்ப வர்ற அமாவாசைக்கு எங்க ஊருக்கு வாங்க ஐயா. அப்பாவோட தோணியில போயி, கம்பு நட்டு அளந்து பாப்போம். நான் துடுப்புப் போடுறேன்."

"வருகிறேன்" என்றார் பேராசான். பவளாயிக்கு அன்றே முதல் வரிசையில் இடம் கிடைத்தது.

மன்னர் சிரித்ததில் வழிந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "நக்கண்ணா, பரிசு வேண்டுமா?" என்றார்.

"அரசே, ஆகார வினா! தலையை ஆட்டிவிட்டு வெறுங்கையோடு போகவா?"

மன்னர் மறுபடியும் உரக்கச் சிரித்தார். "சரி, எது வேண்டும்?"

"அந்தத் துருவி. என் வீட்டில் உள்ளது மழுங்கிவிட்டது."

மன்னர் பட்டுத்துணியோடு அதைக் கொடுத்து, தம் கழுத்திலிருந்த முத்துமாலையையும் கழற்றி அதன்மேல் சுற்றினார். அதன்பின் பௌர்ணமிதோறும் கல்லூரிக்கு வந்த அவருக்கு ஒரே குரல் கேட்கவில்லை; ஐம்பது குரல்கள் கேட்டன. சந்தை இரைச்சல் என்று அவையோர் காதைப் பொத்தினர். மன்னர் பொத்தவில்லை.

அந்நாட்டில் இன்றும் தேங்காய்த் துருவியைப் பொலிஞ்சில் என்றே அழைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் சொல்வார்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.