இரண்டாவது கிண்ணம்

தணிகாசலம் முதன்முதலாக விமானம் ஏறியதே அறுபத்திரண்டாவது வயதில்தான். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தியானம் கற்றுக்கொடுத்த திலகவதி அம்மா அவரைவிட இருபத்தைந்து வயது இளையவர். ஜப்பானில் ஒரு மலையூர்க் கோவிலில் நடக்கும் தியான முகாமுக்கு அம்மா கிளம்பியபோது, "நானும் வரேன்" என்று முதலில் கை தூக்கியவர் இவர்தான்.

ஜப்பானில் இறங்கியதிலிருந்து மூன்று நாட்களாக அவர் உற்சாகத்தில் சரியாகத் தூங்கவில்லை. ரயில் சொன்ன நிமிடத்துக்கு வந்து நிற்கிறது. வழியெல்லாம் மரங்கள் குங்குமத்தைக் கொட்டினாற்போல் சிவந்து கிடக்கின்றன. எதைப் பார்த்தாலும், "அம்மா, இங்க பாருங்க" என்பார்.

சாப்பாடு ஒன்றுதான் கவலை. இருபத்தொரு வயதில், தான் வளர்த்த ஆட்டைத் திருவிழாவுக்கு வெட்டிய அன்றே கறியையும் மீனையும் விட்டவர். நாற்பத்தோரு வருஷமாக ஒரு துணுக்கு உள்ளே போனதில்லை. அம்மா இரண்டு வருஷம் ஜப்பானில் படித்தவர். அவர் அந்த மொழியிலேயே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்: நான் இறைச்சி, மீன், முட்டை சாப்பிடுவதில்லை.

மலையூரில் இறங்கியதும் அம்மா கோவிலுக்கு வழி கேட்கப் போனார். தணிகாசலத்துக்குப் பசி பொறுக்கவில்லை. எதிரே ஒரு சின்ன நூடுல்ஸ் கடை. உள்ளே நுழைந்து சீட்டை நீட்டினார். கடைக்காரர் மொரிதா தலையில் துண்டு கட்டியிருந்தார். சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டுக் குனிந்து வணங்கினார்.

ஆவி பறக்கக் கிண்ணம் வந்தது. அம்மா வந்து சேர்ந்தபோது அதில் பாதி காலி.

"அம்மா, அமிர்தம். இப்படி ஒரு சாறு நான் குடிச்சதே இல்லை."

அம்மா முகர்ந்து பார்த்தார். மொரிதாவிடம் ஏதோ கேட்டார். மொரிதாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

"மேல போடற மீனை விட்டுட்டாராம். சாறு காய்ஞ்ச மீன்ல எடுத்ததாம். பழக்கத்துல அதை யோசிக்கவே இல்லையாம், ஐயா."

தணிகாசலம் கிண்ணத்தைத் தள்ளினார். மேசையெல்லாம் கொட்டியது. வெளியே ஓடிப்போய்க் குழாயடியில் பத்துத் தடவை வாய் கொப்பளித்தார். திரும்பி வரும்போது கண் கலங்கியிருந்தது.

"நாப்பத்தோரு வருஷம், அம்மா. ஒரு கிண்ணத்துல போச்சு. பரிகாரம் சொல்லுங்க. எத்தனை நாள் வேணும்னாலும் பட்டினி கிடக்கறேன்."

"சொல்றேன். உட்காருங்க."

"இந்தக் கடையிலயா?"

"ஆமா."

மொரிதா மேசையைத் துடைத்தார். கடை திறந்திருப்பதற்கு அடையாளமாக வாசலில் தொங்கிய துணியைக் கழற்றி உள்ளே வைத்தார். வந்த இரண்டு பேரிடம் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பினார். அப்புறம் அடுப்பிலிருந்த பெரிய பானையை இரண்டு கையாலும் தூக்கி, அன்றைய சாறு முழுவதையும் தொட்டியில் கொட்டினார்.

"என்ன பண்றார் இவர்?"

"கடையை மூடிட்டார். முதல்லேருந்து சமைக்கப் போறாராம்."

"யாருக்கு?"

அம்மா அடுப்படியைக் கை காட்டினார்.

மொரிதா பானையைத் தேய்த்தார். மோந்து பார்த்தார். மறுபடி தேய்த்தார். திருப்தியாகவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டுப் பரணிலிருந்து ஒரு புதுப் பானையை இறக்கினார். கடற்பாசி, உலர்ந்த காளான் என்று ஒவ்வொன்றையும் எடுத்துவந்து தணிகாசலத்திடம் காட்டினார். அவர் தலையசைத்த பிறகுதான் பானையில் போட்டார்.

முதல் தடவை தணிகாசலம் வேண்டாவெறுப்பாகத் தலையசைத்தார். மூன்றாவது தடவை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஐந்தாவது தடவை மொரிதா வர வேண்டியிருக்கவில்லை. இவரே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

"அம்மா, இந்தப் பாசி தோல் மாதிரி இருந்துச்சு. தண்ணியில போட்டதும் எப்படி விரியுது பாருங்க."

கொஞ்ச நேரத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். தன் பையிலிருந்து பெருங்காயத்தை எடுத்துக் கொடுத்தார். மொரிதா மோந்து பார்த்துவிட்டு நாலு தும்மல் போட்டார். ஒருவர் பேசியது மற்றவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டாவது கிண்ணம் வந்தது. மொரிதா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றார்.

தணிகாசலம் ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடினார். அப்புறம் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, அடி தெரியும்வரை குடித்துவிட்டு மொரிதாவிடமே நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம்."

அதைப் புரிந்துகொள்ள மொரிதாவுக்கு மொழி தேவைப்படவில்லை. அடுப்படிக்கு ஓடினார்.

அப்போதுதான் தணிகாசலத்துக்கு நினைவு வந்தது.

"அம்மா, பரிகாரம் சொல்றேன்னீங்க. சொல்லவே இல்லையே."

"அது செஞ்சு முடிச்சாச்சு, ஐயா."

"நான் ஒண்ணும் செய்யலையே."

"நீங்க செஞ்சீங்கன்னு நான் சொல்லலையே."