பன்னிரண்டாவது வாத்து

சங்கரலிங்கம் இருபது ஆண்டு கால்நடை மருத்துவராக இருந்தவர். நாற்பத்தெட்டாம் வயதில் வேலையை விட்டுவிட்டு ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அவருடைய தம்பிக்கு ஹெபடைடிஸ் பி. ஈரலைத் தின்னும் அந்த வைரஸுக்கு நெருங்கிய உறவான ஒன்று வாத்துகளுக்கும் வரும். அவற்றுக்குப் புதிய மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பதுதான் அவர் ஆய்வு.

வழிகாட்டி ரெபேக்காள் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

மருந்து கொடுக்கத் தொடங்கிய எட்டாவது வாரம் சங்கரலிங்கம் அவரிடம் ஓடிவந்தார்.

"மேடம், பதினோரு வாத்து. ஒன்றின் ரத்தத்திலும் வைரஸ் இல்லை."

"நல்லது சார்."

"இந்த மருந்தைத் தம்பிக்குக் கொடுக்கலாமா? வாத்துக்குக் கேட்டது மனுஷனுக்குக் கேட்காதா?"

ரெபேக்காள் பதிவேட்டைப் புரட்டினார்.

"பன்னிரண்டு வாத்துக்குத்தானே மருந்து கொடுத்தீர்கள்?"

"ஒன்று மூன்றாவது வாரம் செத்துவிட்டது. அப்போது கடும் வெயில். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை."

"ஈரலை எடுத்து வைத்தீர்களா?"

"கெடாமல் ஃபார்மலினில் போட்டு வைத்திருக்கிறேன்."

"பாருங்கள். மருந்தே கொடுக்காத வாத்துகளும் அதே வெயிலில்தானே இருந்தன? அவற்றில் ஒன்றின் ஈரலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்."

மூன்று நாள் சங்கரலிங்கமே இரண்டு ஈரலையும் வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தார். மருந்து கொடுக்காத வாத்தின் ஈரலில் வைரஸ் இருந்தது. மற்றபடி செல்கள் ஒழுங்காக இருந்தன. செத்த வாத்தின் ஈரலில் ஒரு செல்கூட உருப்படியாக இல்லை. எங்கும் கொழுப்புத் துளிகள்.

நெடுநேரம் அவர் கண்ணை எடுக்கவில்லை. ரெபேக்காள் வந்து அருகில் நின்றார்.

"சாவதற்கு முந்தின நாள் இதன் ரத்தத்தில் வைரஸ் இருந்ததா, சார்?"

"இல்லை, மேடம்."

"அப்படியானால் மருந்து இதற்கும் வேலை செய்திருக்கிறது. ஈரலைக் கெடுத்தது வைரஸும் இல்லை, வெயிலும் இல்லை."

சங்கரலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பியைக் கைபேசியில் அழைத்தார்.

"டேய், இப்போ சாப்பிடுற மாத்திரையை நிறுத்திடாதே."

"ஏண்ணே? புது மருந்து வருது, எல்லா வாத்துக்கும் சரியாயிடுச்சுன்னு நீதானே சொன்னே?"

சங்கரலிங்கம் கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு ரெபேக்காளைப் பார்த்தார்.

"அவனிடம் என்ன சொல்லட்டும், மேடம்?"

"செத்ததைச் சொல்லுங்கள்."