மிக்சிக் கடை வாசலில் ஓர் அண்ணனும் தம்பியும்

ஓர் ஊர் மக்களின் வாய்க்குள் ஓர் அண்ணனும் தம்பியும் குடியிருந்தார்கள். அண்ணன் பெயர் ஐயோ. தம்பி பெயர் அடேங்கப்பா. இலக்கணக்காரர்கள் இருவரையும் இடைச்சொல் என்று ஏதோ ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். அவர்களோ எந்தப் பேச்சுக்கும் முதல் ஆளாக ஓடி வந்து நின்றார்கள்.

ஐயோவுக்கு இளகிய மனசு. அதே ஊர் ஜெபக்கனியைக் கண்டால் உருகியே விடுவான். சக்கர நாற்காலியில் அவள் பால் வாங்கப் போனால்கூடப் பின்னாலேயே போவான். அவள் மிக்சி பழுது பார்க்கும் கடை திறக்கிறாள் என்றதும், தம்பியை இழுத்துக்கொண்டு பிளெக்ஸ் அடிக்கும் இடத்துக்கு ஓடினான்.

"'விதி முடக்கிய மலர்'னு பெருசா போடு," என்றான் ஐயோ.

"'முடங்காத எரிமலை'ன்னு அதைவிடப் பெருசா போடு," என்றான் தம்பி.

"அண்ணாச்சிமாரே, உங்க ரெண்டு பேருக்கே இடம் பத்தல," என்றது பிளெக்ஸ். "என்ன கடைன்னு எங்க எழுத?"

"அது எதுக்கு? தங்கச்சி படத்தைப் பார்த்தாலே சனம் உருகிடும்," என்றான் ஐயோ.

உருகத்தான் செய்தது. திறப்பு நாளன்று கூட்டமாக வந்து உச்சுக்கொட்டினார்கள், செல்பி எடுத்தார்கள், லட்டு தின்றார்கள். ஒருவர் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார். மிக்சி மட்டும் வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. தீபாவளிக்குள் கடைக்கு வேலை வராவிட்டால் இடத்தை ஜூஸ்காரருக்கு விடப்போவதாகக் கடையின் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

ஐயோ பதறிப்போனான். "தங்கச்சி, இன்னும் பெரிய பிளெக்ஸா வச்சிருவோமா?"

ஜெபக்கனி திருப்புளியைக் கீழே வைத்தாள். "அண்ணே, உங்க பாசம் எனக்குத் தெரியும். ஆனா 'முடக்கிய'ன்னு போட்டீங்களே, எது என்னை முடக்குச்சு? இந்த நாற்காலி இல்லாட்டிதான் வீட்டோட கிடந்திருப்பேன். இதுலதான கடைக்கே வாறேன்?"

"என் எரிமலை நல்லாருந்துச்சுல்லா?" என்றான் தம்பி ஆசையாக.

"எரிமலைகிட்ட எவனாவது மிக்சியக் குடுப்பானாடே?"

ஐயோவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ நாற்காலியப் பத்தி எழுதவே கூடாதா?"

"தேவைன்னா எழுதுங்க. வாசல்ல சாய்தளம் இருக்கு, சக்கர நாற்காலியில வாறவங்க நேரா உள்ள வரலாம்னு எழுதுங்க. அது நாலு பேருக்கு உதவும்."

புதிய பிளெக்ஸில் அவள் பெயர், 'மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கப்படும்' என்ற செய்தி, சாய்தளம் உண்டு என்று ஒரு வரி. அவ்வளவுதான். அண்ணன் தம்பிக்கு அதில் இடமில்லை. இனித் தன்னால் தங்கச்சிக்கு ஒரு பிரயோசனமும் இல்லையே என்று ஐயோ மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

தீபாவளி நெருங்கியது. முறுக்குக்குப் பொட்டுக்கடலை அரைத்த ஒரு வீட்டில் மிக்சி புகைந்தது. வீட்டுக்கார அம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தாள். அவள் வாயிலிருந்து குதித்த ஐயோ, நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே மேசைமேல் விழுந்தான்.

"ஐயோ, என் மிக்சி!"

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கடைசியில், வாயை மூடிக்கொண்டு, கையில் ஒரு கருகிய மிக்சியோடு கடையின் சொந்தக்காரர்.

ஜெபக்கனி பழுது பார்த்ததும் மோட்டார் பழையபடி இரைந்தது. "எவ்வளவும்மா?" என்றாள் அந்த அம்மாள். ஜெபக்கனி கூலியைச் சொன்னாள்.

"அடேங்கப்பா!"

அன்றுவரை நாற்காலியைப் பார்த்து எத்தனையோ பேர் அவளைப் பாராட்டியிருக்கிறார்கள். கூலியைக் கேட்டு வந்த இந்த அடேங்கப்பாதான் அவள் காதில் தேனாக விழுந்தது. ஒரு ரூபாய்கூட அவள் குறைக்கவில்லை.